ரெண்டு மணி நேரச் சுவர்

கட்டட மாடல் வரைகிற எங்கள் தொழிலில் சுவர் எழுப்ப ஒரு நொடி போதும். அது தீயைத் தாங்குகிற சுவர் என்று அடுத்தவருக்குப் புரியவைப்பதற்குள் ஆயுசில் பாதி போய்விடுகிறது.

நீங்களும் என்னைப் போலக் கம்ப்யூட்டர் முன்னால் கழுத்து வலியோடு உட்கார்ந்து கோடு போட்டுப் பிழைக்கிறவராக இருந்தால் உங்களுக்கு விளக்கம் வேண்டாம், நேராகக் கதைக்குப் போய்விடுங்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் சில சுவர்கள் வெறும் மறைப்பு. சில சுவர்கள் அப்படியல்ல. ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறு பக்கம் போகவிடாமல் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தாக்குப்பிடிக்க வேண்டும். பிளானில் மேலிருந்து பார்த்தால் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் தெரியும். எது எந்தச் சுவர் என்று நிறம் கொடுத்தோ கோட்டின் வகையை மாற்றியோ காட்ட வேண்டும். அதுதான் என் வேலை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, தண்ணீர் சொட்டுகிற ஏசி, எதிர் மேசையில் ரபீக் பாய், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் போனில் இருக்கிற எங்கள் சார். என் பெயர் ஸ்டெல்லா. ஆபீஸ் இவ்வளவுதான்.

ஆபரேஷன் தியேட்டரில் நெருப்பு

ரபீக் பாய் பழைய காலத்து டிராயிங் கை. கோடு அவ்வளவு சுத்தமாக வரும். ஆனால் சாஃப்ட்வேர் சொல்கிறதை நம்ப மாட்டார். தீ தாங்கும் சுவர் என்றால் சுவரை வரைந்துவிட்டு, அதன் மேலேயே தனியாக ஒரு சிவப்புக் கோட்டைக் கையால் இழுத்துவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சுவர் நகராத வரைக்கும்.

துபாயில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் பிளான் போட்டோம். அவர்கள் ஆபரேஷன் தியேட்டரை அகலப்படுத்தச் சொன்னார்கள். ரபீக் பாய் சுவரைப் பிடித்து நகர்த்தினார், அது நகர்ந்தது. மேலே இழுத்த சிவப்புக் கோட்டுக்குச் சுவரோடு எந்தச் சொந்தமும் இல்லை; அது இருந்த இடத்திலேயே இருந்தது. பார்க்காமல் அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை துபாயிலிருந்து அந்த வேலையைப் பார்க்கிற தஞ்சாவூர்க்காரத் தம்பி போன் செய்தது: “பாய், உங்க பிளான்ல ஆபரேஷன் தியேட்டர் நட்ட நடுவுல நெருப்பு எரியிது. டாக்டர் எந்தப் பக்கம் நின்னு வெட்டணும்னு கொஞ்சம் சொல்லிடுங்க.”

ஒரு ஸ்பேஸ்

அதற்குப் பிறகு ரபீக் பாயை வழிக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு சுவருக்கும் உள்ளே ஒரு கட்டம் இருக்கிறது, அது எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்று எழுத. “அந்தக் கட்டத்தில் ரெண்டு மணி என்று இருக்கிற சுவரை எல்லாம் சிவப்பாகக் காட்டு” என்று சாஃப்ட்வேருக்கு ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். சுவர் எங்கே போனாலும் சிவப்பும் கூடவே போகும். பாய்க்கு இது பிடித்துவிட்டது. நான் பாதி நிரப்பியிருந்தேன்; புதுப் பேனா கிடைத்த பிள்ளை மாதிரி மிச்சக் கட்டத்தை எல்லாம் அவரே நிரப்பினார்.

நிரப்பியதில் பாதிச் சுவர் சிவந்தது, பாதி வெள்ளையாகவே நின்றது. ஒரு நாள் முழுக்கத் தேடினோம். சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் நான் ‘2 மணி’ என்று எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் விட்டு எழுதியிருக்கிறேன், அவர் ‘2மணி’ என்று ஒட்டி எழுதியிருக்கிறார். நமக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சுவர். பாய் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒரே ஒரு ஸ்பேஸு. பத்து செவுரு மவுத்தாயிட்டு பாத்தியா ஸ்டெல்லா?”

கன்னி மூலை

வெளிநாட்டு வேலையில் வருகிற தொல்லை எல்லாம் மெயிலோடு சரி. உள்ளூர் வேலை நேரில் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்காரும். நெடுங்காடு கலியபெருமாள் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர், ஊருக்குப் போகிற சாலையில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே சமையல்கட்டும் பந்தியும். மாடியில் மண்டபம், பொண்ணு அறை, மாப்பிள்ளை அறை. தூணும் தளமும் எழும்பிவிட்டன, சுவர்தான் பாக்கி. அவருடைய ஒரே மகள் வித்யாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. இந்த மண்டபத்தில் நடக்கிற முதல் கல்யாணம் என் பொண்ணு கல்யாணம்தான் என்று சம்பந்தியிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். தீயணைப்புத் துறை தடையில்லை என்று சான்று கொடுக்காமல் மண்டபத்தைத் திறக்க முடியாது. எந்தெந்தச் சுவர் தீயைத் தாங்கும் என்று பிளானில் காட்டாமல் சான்று கிடைக்காது. ஆக, அந்தப் பெண்ணுடைய கல்யாணம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

தெற்குப் பக்கம் சமையல்கட்டு, அதை ஒட்டித் தென்மேற்கில் மாடிப்படி. பொண்ணு வீட்டார் ஏறி இறங்குகிற படி அது. சமையல்கட்டைப் படியிலிருந்தும் பந்தியிலிருந்தும் பிரிக்கிற சுவருக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தேன். அவருக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே ‘நெருப்புச் சுவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் வினை. மறுநாள் வாஸ்து பார்க்கிறவரைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். நெருப்பு என்றால் அக்னி மூலையில் இருக்கலாம், தென்மேற்கு கன்னி மூலை, அங்கே நெருப்பு வைத்தால் கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது, எல்லா நெருப்புச் சுவரையும் தூக்கித் தென்கிழக்கில் வை என்றார். இது நெருப்பு வைக்கிற சுவர் இல்லை ஐயா, நெருப்பை நிறுத்துகிற சுவர் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். பேர் நெருப்புதானே என்றார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பேரை ‘காவல் சுவர்’ என்று மாற்றிப் புதுப் பிரதி எடுத்து நீட்டினேன். சுவர் ஒரு நூல்கூட நகரவில்லை. வாங்கிப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல? காவல்னா கன்னி மூலையில தாராளமா நிக்கட்டும்.”

முகூர்த்தக் கணக்கு

அடுத்த சந்தேகம் அந்த ‘இரண்டு மணி’யில் வந்தது. எந்த இரண்டு மணி, மத்தியானமா, ராத்திரியா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. கேட்கிறவர் எல்லாருக்கும் வருகிற சந்தேகம்தான் அது. வெளியே சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சமையல்கட்டில் தீப்பிடித்தால் இந்தச் சுவர் இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்குள் மாடியில் இருக்கிற அத்தனை பேரும் படி வழியாக இறங்கி வெளியே வந்துவிட வேண்டும் என்று விளக்கினேன்.

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு ரொம்பத் திருப்தியாக எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். “முகூர்த்தமே ஒன்றரை மணி நேரந்தாம்மா. அதுக்குள்ள தாலி கட்டி, மொய் எழுதி, பாதிப் பேரு சாப்ட்டுட்டு பஸ்ஸே ஏறிடுவான். ரெண்டு மணின்னா தாராளம்.”

சிவப்புப் புள்ளிக்கோடு

துபாய் வேலைக்கு வைத்திருந்த வரைமுறையில் இரண்டு மணி நேரச் சுவருக்குச் சிவப்புப் புள்ளிக்கோடு. ரபீக் பாய் அதையே மண்டபத்துக்கும் போட்டார். நானும் பார்த்தேன், பளிச்சென்று தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன். சைட்டுக்குப் பிரிண்ட் போனது. அங்கே மேஸ்திரி பன்னீர் அதை விரித்துப் பார்த்தார். நம் பக்கம் கட்டட அனுமதிக்கு வரைகிற பிளானில் சிவப்புப் புள்ளிக்கோடு என்றால் ஒரே அர்த்தம்தான்: சாக்கடை. மேஸ்திரி ஆள் விட்டு, சமையல்கட்டைச் சுற்றி, படிக்கட்டை ஒட்டி, பந்தி ஹாலின் ஓரம் முழுக்க அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் வாய்க்கால் வெட்டிவிட்டார். பாயின் கோடு சுத்தம் என்று சொன்னேன் அல்லவா, வாய்க்காலும் அவ்வளவு சுத்தம்.

கலியபெருமாளின் போன் வந்து நாங்கள் ஓடியபோது அதில் தண்ணீர் நின்றது. எங்கள் மண்ணில் முழங்கால் ஆழம் தோண்டினாலே ஊற்றுதான். வேலையாட்களையும் காணோம். அந்த வாரம்தான் ஆற்றுத் தண்ணீர் பாசன வாய்க்காலுக்கு வந்திருந்தது, எல்லாரும் நடவுக்குப் போய்விட்டார்கள். தண்ணீரை இறைத்து, மண் கொட்டி, கெட்டிப்படுத்தி, அதற்கு மேல் சுவர் எழுப்ப வேண்டும். பத்திரிகை அச்சாகி, மண்டபத்தின் பேர் தங்க எழுத்தில் ஏறிவிட்டிருந்தது. கலியபெருமாள் போய் மணல் குவியலில் உட்கார்ந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது எங்கள் உள்ளூர் பிளான்களில் தீச்சுவருக்குப் பட்டை பட்டையாக நிறம் வரும், கீழே கொட்டை எழுத்தில் ‘இது சாக்கடை அல்ல’ என்று ஒரு குறிப்பும் இருக்கும். அன்றைக்கு அந்த இடத்தில் ஆறுதல் சொன்ன ஒரே ஆள் மேஸ்திரி பன்னீர்தான். “நெருப்புன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏங்க தோண்டப் போறேன்? இப்ப என்ன கெட்டுப்போச்சு, தீப்புடிச்சா அணைக்கத் தண்ணி ரெடியா கெடக்கு.”

சாம்பார் வாளி

ஆள் பிடித்து, வாய்க்காலை மூடி, சுவரும் ஒரு வழியாக எழும்பியது. நான் பார்க்கப் போனேன். மாடலில் முழுச் சுவர். சைட்டில், சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே இடுப்பளவில் ஒரு பெரிய ஓட்டை. சமையல் மாஸ்டர் கணேசன் கேட்டாராம், வாளியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்டினால் பரிமாறுகிறவர்களுக்கு நடை மிச்சம் என்று. கலியபெருமாளும் சரி என்றிருக்கிறார். பந்தி ஹாலிலிருந்து படிக்கட்டுக்குப் போகிற வழியில் கதவே கிடையாது, திறந்த வளைவு மட்டும்தான். அதனால்தான் இந்தச் சுவரை அவ்வளவு நம்பியிருந்தேன்.

ஓட்டையையும் படிக்கட்டையும் மாறி மாறிக் காட்டிச் சொன்னேன்: “ஐயா, இந்த ஓட்ட வழியா சாம்பார் மட்டும் வராது, பொகையும் வரும். வந்தா படிக்கட்டுலதான் ஏறும். மேல இருக்கறது வித்யா ரூமு.” கலியபெருமாள் ஓட்டையைப் பார்த்தார், படியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, அடைச்சிடு என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதிலாகத் தீ தாங்கும் கதவு இரண்டு, உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, திறந்து விட்டால் தானாகவே மூடிக்கொள்கிற மாதிரி வைக்க முடிவானது. எல்லாருக்கும் சம்மதம், கணேசனைத் தவிர. இரண்டு கையிலும் வாளி பிடித்திருப்பது போல அவர் எனக்கு நடித்துக் காட்டினார். “கதவு தானா மூடும், சரிங்க மேடம். கையி ரெண்டும் ரொம்பியிருந்தா தானா தொறக்குமா?”

அய்யனார்

தீயணைப்புத் துறை அதிகாரி வந்தது கல்யாணத்துக்கு முந்தின வாரம். நல்ல மனிதர், அவசரமே படாதவர். பிளானைத் தரையில் விரித்து, குனிந்து, நிதானமாகப் படித்தார். ‘காவல் சுவர்’ என்று படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கன்னி மூலைக் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சரி, நம் பக்கம் ஆள் என்று நானும் மூச்சு விட்டேன்.

சிரித்து முடித்துவிட்டு எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். சமையல்கட்டின் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் நின்றார். குழாயைச் சுற்றிக் கை நுழைகிற இடைவெளி. பிளம்பர் உடைத்துக் குழாயைச் சொருகிவிட்டு அப்படியே போயிருக்கிறார். அதிகாரி தன் கையை உள்ளே விட்டு, அந்தப் பக்கம் விரலை ஆட்டிக் காட்டினார். தீ தாங்குகிற பசை சென்னையிலிருந்து வர வேண்டும், அடைக்க வேண்டும், அவர் மறுபடியும் வந்து பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் கையெழுத்து. பத்திரிகை கொடுத்து முடித்த வீட்டில் இதை என்னவென்று போய்ச் சொல்வது? கெஞ்சிப் பார்க்கலாம் என்று நான் வாயெடுத்தேன். அவர் பிளானை மடித்து என் கையில் கொடுத்தார். “அய்யனாரே வந்து காவலுக்கு நின்னாலும், கால் நடுவுல இவ்வளோ பெரிய சந்து இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா.”

எந்த வீடு?

பசை வந்தது. ரபீக் பாய் பக்கத்திலேயே நின்று சந்தை அடைக்க வைத்தார். அதிகாரி சொன்னபடி மறுபடியும் வந்தார், விரலை விட்டுப் பார்த்தார், விரல் போகவில்லை. சான்று கைக்கு வந்து, மண்டபத்துக்கு அனுமதியும் வந்தபோது வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பாய்க்கும் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டிருந்தார் கலியபெருமாள். பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, இன்றைக்கு வேலையே நினைப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டு போனேன்.

பந்தி ஹாலுக்குள் நுழைந்ததும் கண் தானாக அந்தப் பக்கம் போனது. இரண்டு கதவும் மல்லாக்கத் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுத்து ஒரு ரச அண்டா. உள்ளே அடுப்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கின்றன, மாடி நிறைய ஜனம். தை மாதத்திலிருந்து பட்ட பாடு அத்தனைக்கும் இரண்டு அண்டாதான் பதில். கணேசனிடம் போனேன். அவர் கும்பிட்டார், இந்த ஒரு வேளை விட்டுடுங்க மேடம் என்றார். அண்டாவை நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினார்கள். நான் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

வேறு வழி தெரியவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வெளியே வருகிற கதவில் நான் நின்றேன். உள்ளே போகிற கதவைப் பாய் பிடித்துக்கொண்டார். வாளி வந்தால் திறப்போம், போனதும் விட்டுவிடுவோம், கதவு தானாக மூடிக்கொள்ளும். சாம்பார், கூட்டு, பாயசம், திறப்பு, மூடல். புடவையில் பருப்புச் சிந்தியது. மேலே கெட்டிமேளம் கேட்டது. அந்தத் தாலிக்காகத்தான் இத்தனையும், அதை நான் காதால்தான் பார்த்தேன். ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அட்சதை ஒட்டிய தலையோடு ஜனம் படியில் சளசளவென்று இறங்கிப் பந்திக்கு வந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை, ஒரு அசம்பாவிதமும் இல்லை.

முதல் பந்தி முடியும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார். பட்டுப்புடவையோடு கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிற பெண்ணை வெகுநேரமாகப் பார்த்திருக்கிறார் போல. “ஏம்மா, நீ பொண்ணு வீடா, மாப்புள வீடா?” என்று கேட்டார். நான் எதிரே வந்த வாளிக்குக் கதவைத் திறந்துவிட்டேன். பின்னால் கலியபெருமாளின் குரல் கேட்டது. “ரெண்டும் இல்லீங்க சம்பந்தியம்மா. இவங்க செவுரு வீடு. டேய், அடுத்த பந்தியில இவங்களுக்கும் பாய்க்கும் மொத எலையப் போடுங்கடா, அதுவரைக்கும் நான் கதவப் புடிச்சுக்கறேன்.”

ஒன்றுமே நடக்காமல் இருந்தால்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்கிற பிழைப்பு எங்களுடையது. அந்த ஒன்றுமே நடக்காததை யாரும் சாக்கடை என்று நினைக்காத நிறத்தில் காட்டச் சொல்லித்தான் எங்கள் உயிரை வாங்குகிறார்கள்.